ரெண்டு குல்லாக்காரர்களும் ஒரு ஸ்டேஷன் வாசலும்

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சரி, குறைக்கவில்லை என்பது மட்டும்தான் சத்தியம். கூட்டியது கொஞ்சம் இருக்கும். கம்பளிக் கதை, இழுத்தால் நீளத்தான் செய்யும். கொடைரோடு ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற இந்த டீக்கடையில், பேச்சிமுத்து பொண்டாட்டி சிவனம்மாள் ஒரு பெஞ்சிலும், பிராங்க்ளின் பொண்டாட்டி ஜெஸ்ஸி எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்து கேட்கிறார்கள். புருஷன்மார் ரெண்டு பேரும் மூலையில், வேன் டிரைவர் பாய் கல்லாப் பக்கம். எங்காவது தப்பிப் போனால் அவர்களே பிடித்து நிறுத்தட்டும்.

பேச்சிமுத்து ஸ்வெட்டர் விற்கிறவன். கொடைரோட்டுச் சித்திரை வெயிலில் தாருக்குள் மாட்டிய செருப்பை எடுக்க ரெண்டு ஆள் வேண்டும். இங்கே காக்கா அவித்த முட்டையைத்தான் இடும். அந்த வெயிலில் கம்பளி விற்றான். கொடைக்கானல் போகிற சனம் மெட்ராஸ் ரயிலை விட்டு இங்கேதான் இறங்கும். மேலே குளிரும் என்று யாராவது அவர்களைப் பயமுறுத்த வேண்டும். பேச்சிமுத்துவின் தொழிலே அதுதான்.

"சார், மேல தும்முனா தும்மல் மூக்குலயே உறைஞ்சு நிக்கும். ஒடச்சுத்தான் எடுக்கணும்!"

"நீ போயிருக்கியாப்பா?" என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். அவன் கடை விரிக்கிற ஸ்டேஷன் வாசலில் நின்றால் மலை கண்ணுக்குத் தெரியும். ஆனால் பேச்சிமுத்து அதில் ஏறியதே இல்லை. வண்டி வளைந்தால் அவனுக்கு வாந்தி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்புகிற திருப்பமே அவனுக்குப் போதும்.

அப்படியும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, தொண்ணூற்றாறில் பிராங்க்ளின் வந்து வாசலுக்கு மறுபக்கம் மூட்டையைப் பிரிக்கிற வரைக்கும். அவன் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினான். பின்னால் நீலமாக ஏரி, பக்கத்தில் கழுத்து கோணின வெள்ளை வாத்து, முன்னால் படகில் காலை ஆட்டிக்கொண்டு பிராங்க்ளின்.

"நானே நேர்ல போயி நடுங்கிட்டு வந்தவன் சார். பாருங்க போட்டோவ!"

சனம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஸ்டேஷன் நாய்கூட இடம் மாறிப் படுத்தது. பேச்சிமுத்துவுக்கு வயிற்றுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. பிராங்க்ளின் சீவின தலையைப் பார்த்தால் எரிந்தது, அவன் சிரித்தால் எரிந்தது, அவன் சில்லறை இல்லை என்று சொல்கிற அழகைப் பார்த்தாலும் எரிந்தது. எல்லாவற்றையும் விட அந்தப் படகு. மலையடிவாரத்திலேயே பிறந்தவன் நான், படகில் அவன் உட்காருவதா என்று பொருமினான்.

ஆள் பார்க்கட்டும் என்று பேச்சிமுத்து ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றான். பிராங்க்ளின் ஸ்வெட்டரோடு குரங்குக் குல்லாவும் போட்டான். பேச்சிமுத்து ரெண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், மேலே குல்லா. வேர்த்து ஊற்றி, சிவப்புச் சாயம் வேட்டியில் இறங்கியது. ரயிலை விட்டு இறங்கின அம்மா ஒருத்தி, "ஐயோ, யாரோ குத்திட்டாங்க!" என்று அலறினாள்.

வீட்டில் சிவனம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தா, இந்த சீசன்ல மூட்டை காலியாகலேன்னா ஸ்டேஷன் வாசல மறந்துரணும். எங்கண்ணன் கூட திண்டுக்கல்லுக்கு வெங்காயம் செமக்கப் போயிரு." போட்டோவைப் பற்றி அவளுக்கு வேறொரு யோசனையும் இருந்தது. "அந்த வாத்த எங்கயோ பார்த்திருக்கேனே."

"நீயும் அவன் படகப் பத்தியே பேசு!" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வாரமே விஷயம் முற்றியது. வேன் ஓட்டுகிற கிதர் முகம்மது ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து அந்தக் குடும்பத் தலைவரின் வலது கையைப் பிடித்து இழுத்தான், பிராங்க்ளின் இடது கையை. கிதர் முகம்மது வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"ஏலே, ரெண்டு பேரும் ஏறுங்கடா வண்டில. மேல போயி ஏரி எந்தப் பக்கம்னு எவன் கைய நீட்டுறானோ அவனுக்குத்தான் இந்த வாசல். வழியில எவன் மொதல்ல வாந்தியெடுத்து எறங்குறானோ, அவன் தண்ணி டேங்க் பக்கம் கடையத் தூக்கிட்டுப் போயிரணும்."

"எனக்கென்ன பாய், பழகுன ரோடு!" என்றான் பிராங்க்ளின். பழகின குளிர் என்று காட்ட, போட்டிருந்த ஸ்வெட்டரையும் கழற்றிக் கடையில் வைத்துவிட்டு அரைக்கைச் சட்டையோடு ஏறினான். பேச்சிமுத்து குல்லா ஸ்வெட்டரோடு பின்னால் ஏறினான். இடது கைக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்திருந்தான்.

அடிவாரத்துக் காட்ரோடு தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவில் பேச்சிமுத்துவின் குடல் எழுந்து நின்றது. ரெண்டாவது வளைவில் அது தொண்டைக்கு வந்து எட்டிப் பார்த்தது. எதிரியின் படகையே நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். மெல்ல எலுமிச்சம்பழத்தை மூக்குக்குக் கொண்டுபோனான். வாசம் வந்தது. ஆனால் அது அவனுடைய பழத்தின் வாசம் இல்லை, பக்கத்து ஆளிடமிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தான். பிராங்க்ளின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையில் பாதி கடித்த எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்து அழுத்தியிருந்தான். காது ரெண்டும் வெளுத்திருந்தது.

பேச்சிமுத்துவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால்தான் வம்பு. பிராங்க்ளினும் இவன் கையைப் பார்த்துவிட்டான். அவனுக்கும் வாயைத் திறக்க வழியில்லை. ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, நாலு வளைவு போனார்கள். அந்த நாலு வளைவும் கொடைரோடு அமைதியாக இருந்ததாக ஊரில் சொல்கிறார்கள்.

டம்டம் பாறைக்கு முன்னால் எதிரே ஒரு பஸ். கிதர் முகம்மது பிரேக்கை மிதித்தார். இந்தப் பக்கக் கதவு வழியாக ஒருத்தன், அந்தப் பக்கக் கதவு வழியாக ஒருத்தன் பாய்ந்தான். அதற்கு மேல் விவரிப்பது டீ குடிக்கிறவர்களுக்கு மரியாதை இல்லை. வேனில் இருந்த குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டிரைவர், போங்க, போங்க!" என்றது. வண்டி போயே போய்விட்டது.

ரெண்டு பேரும் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தார்கள். மேகம் இறங்கித் தூறல் போட்டது. பிராங்க்ளினுக்குப் பல் தந்தியடித்தது.

"ஏலே பேச்சி, அந்தக் குல்லாவக் குடுடா."

"வெலைக்குத்தான்."

"சரி, வெலைக்கே குடு."

அந்த சீசனில் பேச்சிமுத்து செய்த நல்ல வியாபாரம் அதுதான். பணத்தை மடியில் செருகியபடி கேட்டான். "ஏண்டா, போட்ல காலாட்டிக்கிட்டு இருந்தியே, அப்ப வாந்தி வரலியா?"

"அது திண்டுக்கல் ஸ்டூடியோ படுதாடா. படகு, மர ஸ்டூலு."

"அப்ப அந்த வாத்து?"

"அதுவும் படுதாலதான்."

பேச்சிமுத்துவுக்குத் தன் கல்யாண போட்டோ நினைவுக்கு வந்தது. அவனுக்கும் சிவனம்மாளுக்கும் நடுவே, கழுத்து கோணின அதே வாத்து. அவனும்தான் அதே ஏரிக்குப் போயிருக்கிறான், அதுவும் மாலையும் கழுத்துமாக! இத்தனை நாள் வயிறு எரிந்ததெல்லாம் வீண். சிரிப்பு வந்தது. ரெண்டு பேரும் சுவரைத் தட்டிச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்துத் திரும்பினால், குல்லா பிராங்க்ளினுக்கு எடுப்பாக இருந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. இவன் போட்டால் கிணற்றில் விழுந்த பூனை போல இருக்கும். மறுபடியும் அடுப்பு லேசாகப் புகைந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்த அம்மா கேட்டாள். "தம்பி, குல்லா நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?"

"கொடைரோடு ஸ்டேஷன் வாசல்லக்கா. நம்ம கடைதான்!" என்றான் பிராங்க்ளின், வாய் கூசாமல்.

கீழே இறங்குகிற முட்டைகோஸ் லாரியில் வீடு வந்து சேருகிற வரைக்கும் பேச்சிமுத்து அவன் முகத்தில் முழிக்கவில்லை. மறுநாள் காலை மெட்ராஸ் ரயில் வந்தபோது ரெண்டு பேருமே வாசலில் கடை விரித்திருந்தார்கள். மொதல்ல வாந்தி எடுத்தது நீதான் என்று இவன், இல்லை நீதான் என்று அவன். அதற்கப்புறம் எத்தனையோ சீசன் வந்து போய்விட்டது. வாசல் யாருக்கு என்பது மட்டும்...

"இதுல என்ன பேச்சு? மொதல்ல எறங்குனது பேச்சிமுத்து அண்ணன்தான்!" என்று ஜெஸ்ஸி டீ கிளாஸை டொக்கென்று வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு வாந்தியே எடுக்கல. காறித்தான் துப்புனாரு."

"யாத்தாடி! காறித் துப்புனதுக்கா சட்டையக் கழுவப் போட்டீங்க?" சிவனம்மாள் எழுந்தே விட்டாள். "ஸ்டூல்ல ஒக்காந்தவுக பேசுறத பாரு!"

"நீங்க மட்டும் யாரு வாத்தக் கட்டிப் பிடிச்சு நின்னீங்களாம்?"

"பாய், நீங்க சொல்லுங்க பாய்!" என்று பெஞ்சுக்கு ஒருவர் கத்தினார்கள்.

"நான் பஸ்ஸப் பார்த்து பிரேக்க மிதிச்சேனா, இவனுக வாயப் பார்த்தேனா?" என்றார் கிதர் முகம்மது.

மூலையில் பேச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான். பிராங்க்ளின் குல்லாவைக் கழற்றிக் கீழே போட்டான். "ஏலே, கிளாஸையெல்லாம் உள்ள எடுங்கடா!" என்று கடைக்காரர் அலறினார்.