அத்தைகிட்ட சொல்லு

நான் பார்த்த முதல் உத்தியோகம் தூது போவது. அப்போது எனக்கு ஒன்பது வயது. சம்பளம் கிடையாது, வழியில் பொறுக்கிய காட்டு நெல்லிக்காய்தான் வரும்படி. காலையில் காட்டுக்குள் நுழைந்தபோது கிடைத்த வேலை, மத்தியானம் ஒரு குளக்கரையில் வைத்துப் போய்விட்டது.

அப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா. கல்யாணமாகிப் பம்பாய் போனவள். தாத்தா இறந்தபோது அவளுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோனது. அது நான் பிறப்பதற்கு முந்திய கதை. காரணம் கேட்டால் அம்மா, "பெரியவங்க சங்கதி ஒனக்கு என்னத்துக்குட்டி?" என்று முடித்துவிடுவாள். அத்தை ஊருக்கு வந்தால் டவுணில் தன் மாமியார் வீட்டில் தங்குவாள். அம்மாவும் நானும் போய்ப் பார்ப்போம். அப்பா வரமாட்டார். ஆனால் அத்தைக்குப் பனங்கிழங்கு பிடிக்கும் என்று மார்க்கெட்டெல்லாம் அலைந்து, நார் இல்லாததாகப் பார்த்து வாங்கி வந்து, அம்மாவிடம் அவிக்கக் கொடுப்பார். "நான் வாங்கினேன்னு சொல்லாண்டாம்" என்பார். அத்தையும் யார் வாங்கியது என்று கேட்காமல் எல்லாவற்றையும் தின்றுவிடுவாள்.

தாத்தா மலையில் வேலை பார்த்தவர். தாமிரபரணியில் வந்து சேரும் ஒரு காட்டாற்றை மறித்து, வெள்ளைக்காரன் காலத்தில் சின்னதாக ஒரு மின் நிலையம் கட்டியிருந்தார்கள். அடிவாரத்தில் இருந்த நூற்பாலைக்கு அங்கிருந்துதான் கரண்ட் போனது. மேலே ஒரு குளம். அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் கீழே பாய்ந்து எந்திரத்தைச் சுற்றும். அந்த மேல்குளத்துக்குத் தாத்தாதான் காவல். மதகைத் திறப்பதும் அடைப்பதும், குழாய் வாயில் இருக்கும் கம்பி வலையில் சேரும் இலைதழைகளை வாரிப் போடுவதும் அவர் வேலை. அப்பாவும் அத்தையும் பிறந்து வளர்ந்தது அந்தக் குளத்துக்கு மேலே இருந்த குடியிருப்பில். தாத்தா போன கொஞ்ச காலத்தில் நிலையத்தை மூடிவிட்டார்கள். அங்கே இருந்த நாலைந்து குடும்பங்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன.

அந்த வருஷம் வந்திருந்த அத்தைக்கு, அந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. இனிமேல் காட்டுக்குள் யாரையும் விடப்போவதில்லை என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. வனத்துறையில் அனுமதி வாங்க ஆள் வேண்டும், வழி தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டுக்கும் அப்பாவை விட்டால் நாதியில்லை. அம்மா நடுவில் நின்று பேசி முடித்தாள். தான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டாள். "ரெண்டு பேரும் எப்படிப் பேசாம நாள் பூரா நடப்பாங்க?" என்று நான் கேட்டதற்கு, "அதுக்குத்தான் நீ போற" என்றாள்.

விடியற்காலைப் பஸ்ஸில் பாபநாசம் போய், அங்கிருந்து ஜீப்பில் சோதனைச் சாவடிக்குப் போய் இறங்கினோம். எங்களோடு காவலுக்கு ஒரு வாட்சரை அனுப்பினார்கள். கையில் ஒரு கம்பு, இடுப்பில் வெட்டரிவாள், வாயில் வெற்றிலை. அவர் முன்னால் நடந்தார், அவருக்குப் பின்னால் அப்பா, கடைசியில் அத்தை. பம்பாயில் வாங்கிய கான்வாஸ் ஷூவைச் சேலைக்குக் கீழே மாட்டியிருந்தாள். நடுவில் நான்.

கொஞ்ச தூரம் போனதும் முதல் செய்தி வந்தது.

"ஏட்டி, பாதையில வேரு கெடக்கு, பைய வரச் சொல்லு."

நான் பின்னால் ஓடி அத்தையிடம் சொன்னேன்.

"எனக்குக் கண்ணு நல்லா தெரியும்னு சொல்லு."

நான் முன்னால் ஓடினேன். இப்படி ஓடி ஓடி, அவர்கள் நடந்த தூரத்தைப்போல் இரண்டு பங்கு நான் நடந்திருப்பேன். ஆனால் அலுப்பே இல்லை. என் வாயைத் திறக்காவிட்டால் இந்தக் காட்டில் ஒரு காரியமும் நடக்காது என்ற எண்ணம் எனக்கு ஒரு மிதப்பைக் கொடுத்திருந்தது. செய்திகளைக் கொஞ்சம் இஸ்திரி போட்டும் கொடுத்தேன். "அவனுக்கு என்ன தெரியும்" என்று அத்தை சொன்னால், "அப்பா, ஒங்களுக்கு மறந்திருக்குமாம்" என்று போய்ச் சேரும்.

வாட்சர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டார். "ஏ பாப்பா, அவிய ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?"

பாதை ஒரு சின்னக் குளத்தின் கரையோடு போனது. எந்திரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்த தண்ணீர் முன்பு அங்கே தேங்கித்தான் ஆற்றுக்குப் போகுமாம். இப்போது பாதிக்குமேல் கோரை. எங்கள் அரவம் கேட்டு நீர்க்காகங்கள் எழும்பிப் போயின. அதைத் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே எந்திர வீடு தெரிந்தது. கருங்கல் சுவர், கூரை இல்லை. ஆலமர வேர் ஒரு ஜன்னலில் நுழைந்து அடுத்த ஜன்னலில் வெளியே வந்திருந்தது. உள்ளே எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தரையில் என் கைத்தண்டி போல்ட்டுகள் மட்டும் வட்டமாக நின்றன. சுவரில் மண்டையோட்டுப் படத்தோடு 'அபாயம்' என்ற தகரப் பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு ஜன்னலுக்குக் கீழே நின்றார். முகத்தில் சிரிப்பு வந்தது. "அத்தைகிட்ட சொல்லு, இந்த ஜன்னல்ல ஏறி உள்ளே எட்டிப் பாத்துத்தான் அவ எஞ்சினியர் துரைகிட்ட ஏச்சு வாங்குனா."

அத்தைக்கு வந்ததே கோபம். "நானா? ஏறுனது அவன். முதுகு குடுத்தது நானு. ஏச்சு வாங்கினதும் நானு. நல்லா ஞாபகப்படுத்திப் பாக்கச் சொல்லு."

"அவ முதுகு குடுத்தா நான் எப்படி எட்டுவேன்? அப்போ எனக்கு இம்புட்டு உயரம்தான இருக்கும்? கேளு."

"எட்டாமத்தான கீழ விழுந்து மண்டைய ஒடச்சான்? தழும்பு இருக்கான்னு தடவிப் பாக்கச் சொல்லு."

இருவருக்கும் இடையே இரண்டு முழ தூரம்கூட இல்லை. நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கை, அவருக்கே தெரியாமல், பின்னந்தலைக்குப் போனது.

அங்கிருந்து குழாயை ஒட்டியே ஏற்றம். ஒரு ஆள் குனியாமல் உள்ளே நடந்து போகலாம். அவ்வளவு பெரிய குழாய். துருப்பிடித்து, பாசி படர்ந்து, ஆணியடித்த மூட்டுகளோடு மலைமேல் ஏறிக்கொண்டே போனது. தட்டினால் உள்ளே வெகுதூரத்துக்கு ஓசை போய் மெதுவாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் பழைய டிராலித் தண்டவாளம்; அதன்மேல் யானைச் சாணம். வாட்சர் கம்பால் கிளறிப் பார்த்து, "நேத்தே போயிட்டு, பயப்படாண்டாம்" என்றார்.

ஏற்றத்தில் அத்தைக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கணுக்காலில் அட்டை ஒன்று ரத்தம் குடித்துத் திராட்சைப்பழம்போல் தொங்கியது. நான் அலறிவிட்டேன். அப்பா திரும்பி வந்தார். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பையில் இருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, அத்தையின் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"காலை ஆட்டாம இருக்கச் சொல்லு" என்றார் என்னிடம்.

"ஆட்டலன்னு சொல்லு" என்றாள் அத்தை. அவளுடைய குரல் காலையில் இருந்ததுபோல் இல்லை. அட்டை கடித்தது வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் மேல்குளத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் ஏதோ பெரிய ஏரியை நினைத்திருந்தேன். அதுவோ எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பாதி இருக்கும். நாலு பக்கமும் கல் கட்டு. ஒரு மூலையில் மதகுச் சக்கரம். அதற்குக் கீழே தண்ணீருக்குள் இறங்கும் கறுத்த கம்பி வலை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. சுற்றியிருந்த மரமெல்லாம் அதற்குள் தலைகீழாக நின்றன. குடியிருப்பு இருந்த இடத்தில் படிக்கட்டு மட்டும் இருந்தது. ஏறிப் போனால் வீடு இல்லை, புல்தான்.

அத்தை படிக்கட்டுப் பக்கம் போகவே இல்லை. மதகின் பக்கம் போய் நின்று கம்பி வலையைப் பார்த்தாள்.

"இங்கனதானான்னு கேளு."

"அப்பா, இங்கனதானான்னு கேக்காவ."

"ஆமான்னு சொல்லு."

அத்தை கல் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு, தண்ணீரைப் பார்த்தபடியே, என்னிடம் சொல்வதுபோல் ஆரம்பித்தாள்.

"ரயில் பிந்திட்டு. நான் என்ன வேணும்னா பிந்தி வந்தேன்? ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதா? பெத்த பொண்ணு வாரான்னு தெரியும்லா? மூஞ்சியக் காட்டாம எரிச்சிட்டான். நான் வந்து சாம்பலைத்தான் பாத்தேன். எப்படிட்டி அவனுக்கு மனசு வந்துது? கேளு ஒங்க அப்பாகிட்ட. இன்னைக்காவது கேளு."

அவ்வளவு நீளமான செய்தி அதுவரை வந்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்து, "ரயில் பிந்திட்டாம்…" என்று ஆரம்பித்தேன். அப்பா என் தலையில் கையை வைத்து நிறுத்தினார்.

"அக்கா" என்றார்.

என்னைத் தாண்டிக்கொண்டு அந்த வார்த்தை போனது.

"அன்னைக்கு நல்ல மழை. வலையில எல அடைச்சிட்டுன்னு அப்பா இறங்கியிருக்காரு. வழுக்கிட்டு. இதெல்லாம் ஒனக்குத் தெரியும். விழுந்த அன்னைக்கே கெடச்சிட்டாருன்னு தந்தியில போட்டேன்லா, அது பொய்யி. வெள்ளம் வத்துற வரைக்கும் நாலு நாளு மதகுல கை வைக்க முடியல. வத்துன பெறவுதான் வலைக்கு அடியில… அதுக்கு அப்புறந்தான் ஒனக்குத் தந்தியே அடிச்சேன்." அப்பா மதகுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "பாக்குற மாதிரி இல்லக்கா. அம்மைக்கும் காட்டல. சுத்தி மூடி, நானே தூக்கிட்டு வந்தேன். நான் ஒருத்தன் பாத்தது போதும்னு நெனச்சேன்."

வாட்சர் என் தோளைத் தொட்டு, "வா பாப்பா, அந்தாண்ட நீர்நாய் வரும், காட்டுதேன்" என்று இழுத்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தை எழுந்து அப்பாவிடம் போனாள். அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடிக்கிற சத்தம் தண்ணீருக்கு மேலாக எனக்குக் கேட்டது.

"ஏலே, இம்புட்டு வருசமா இதைச் சொல்லாமயாலே நான் ஏசுனதெல்லாம் வாங்கிக்கிட்டு இருந்தே? ஏலே…"

இன்னொரு அடி. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அப்பா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீர்நாய் வரவில்லை.

அப்புறம் அதே கரையில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். அத்தை தன் இலையிலிருந்த துவையலைப் பாதிக்குமேல் அப்பா இலைக்குத் தள்ளினாள். அவர் தடுக்கவில்லை. வாட்சருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அவர் கொஞ்சம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது வரிசை மாறிவிட்டது. அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பாதை இருவருக்கு அகலமில்லாத இடத்தில்கூட ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். தாத்தா சீட்டி அடிப்பது, தாத்தா மதகுச் சக்கரத்தில் துணி காயப்போட்டு மாட்டிக்கொண்டது, ஆலைச் சங்கு ஊதினாலும் தாத்தா தன் கைக்கடிகாரத்தைத்தான் நம்புவேன் என்று சொன்னது. பேச்செல்லாம் தாத்தா. நான் பின்தங்கி வந்து, "அப்பா, அத்தைகிட்ட எதும் சொல்லணுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "நீ முன்னால பாத்து நட" என்றார். அத்தையிடமும் கேட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சப் பாதையை வாட்சரோடுதான் நடந்தேன்.

அத்தை அன்றைக்கு மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். வாசலில் நின்ற அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னும் ஒரு உழக்கு அரிசியைக் களைந்து போட்டாள்.

படுத்துக்கொண்டே நான் யோசித்தேன். தாத்தா பார்க்கிற மாதிரி இல்லை என்றால் எப்படி இருந்திருப்பார்? எங்கள் வீட்டில் அம்மா அந்த வார்த்தையை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் சொல்வாள். லீவு நாளில் அப்பா முள்ளுமுள்ளாகத் தாடியோடு அழுக்கு வேட்டியில் உட்கார்ந்திருந்தால், "ஆளு வந்தா பாக்குற மாதிரியா இருக்கு?" என்பாள். மழையில் தாத்தாவும் ரொம்ப நாள் சவரம் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். அதற்காகவா அத்தைக்குக் காட்டாமல் இருந்தார்? ஒரு நாவிதரைக் கூப்பிட்டிருந்தால் இத்தனை வருஷச் சண்டை வந்திருக்காதே என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அத்தையும் முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முகத்தில் இரண்டு நாள் தாடி. நான் அடுக்களைக்குப் போய்க் கிண்ணத்தில் வெந்நீர் வாங்கிக்கொண்டு, சோப்பு, பிரஷ், கண்ணாடி எல்லாவற்றையும் சுமந்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"என்னத்துக்குட்டி இன்னைக்கு? லீவுல்லா?" என்றார்.

"அத்தை இருக்காவல்லா. பாக்குற மாதிரி இருக்க வேண்டாமா?"

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இருவரும் சிரிக்கவில்லை. அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா கொஞ்ச நேரம் வெந்நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரஷை எடுத்து நனைத்து, முகமெல்லாம் நுரை பூசி, மழமழவென்று சவரம் செய்துகொண்டார். அது முடிகிற வரைக்கும் அத்தை அவர் முகத்துக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு சண்டை வராமல் தடுத்துவிட்டேன் என்ற திருப்தியில் நான் தெருவுக்கு விளையாட ஓடினேன்.