கட்டைவிரல் மரியசெல்வி

மரியசெல்விக்குத் தெரியாத சந்துபொந்து செஞ்சி வட்டாரத்தில் கிடையாது. தெரியாததெல்லாம் ஆட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசுகிற பாஷை ஒன்றுதான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் சவாரிகள் அத்தனையும் அங்கேதான் பங்காகும். அதில் இடமில்லை என்றால் புது ஆட்டோவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்பிள்ளைக்கு எதற்கு ஆட்டோ என்று இழுத்தவர்களிடம் மல்லுக்கு நின்று அவள் வாங்கிய இடம் அது.

சேர்ந்ததும் முதல் செய்தி, அட்மின் தாண்டவராயன் சிரிக்கிற முகத்தோடு போட்டது: "வல்லத்துல ஒரு ராஜகிரி. வால் உண்டு."

ராஜகிரி மலை இங்கே செஞ்சியில் அல்லவா இருக்கிறது, வல்லத்துக்கு எப்போது நடந்து போனது? கேட்டால் சிரிப்பார்கள். பேசாமல் இருந்தால் திமிர் என்பார்கள். மாதா கோயிலில் சாமியார் ஜெபம் சொன்னால் எல்லாரும் ஆமென் சொல்வதில்லையா, அப்படி நினைத்துக்கொண்டு வந்த செய்திக்கெல்லாம் ஒரு கட்டைவிரலைப் போட்டுவைத்தாள். மரியாதைதானே!

வந்தது வினை. அமாவாசை சாயங்காலம் நாலு ஊரில் நாலு குடும்பம் அவளுக்காகக் காத்து நின்றது. தாண்டவராயன் குழுவிலேயே குரல் பதிவில் கத்தினார்.

"இன்னாம்மா, பேராசையா? விரல் போட்டா சவாரி உனுதுன்னு அர்த்தம். நீ போட்டதை வேற யாரும் தொட மாட்டாங்க. ராஜகிரின்னா மூட்டை முடிச்சோட பெரிய குடும்பம், வால்னா திரும்பவும் ஏத்தியாரணும், வல்லத்துக்குத் தெளிவா போட்டனே! உன்ன குரூப்ல இருந்து தூக்கப் போறேன்."

மரியசெல்விக்கு அழுகை முட்டியது. அதற்குள் கோபம் முந்திக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினாள்.

"தூக்குங்கண்ணே. நீங்க பேசறது ஒண்ணுமே எனக்குப் புரியல. கேட்டா சிரிப்பீங்கன்னுதான் எல்லாத்துக்கும் விரலப் போட்டுட்டேன். பேராசை இல்லண்ணே, பயம்."

அடுத்து குழுவில் விநாயகத்தின் குரல் வந்தது. சிரிக்கிற முகத்தைத் தவிர வேறெதையும் இதுவரை போடாத மனுஷன்.

"விரல் போடணும்னு எனக்கும் இப்பதான் தெரியுதுப்பா. ஏன் நமக்கு மட்டும் சவாரியே வரலன்னு ரெண்டு வருசமா முழிச்சிட்டிருந்தேன். வல்லத்துக்கு நான் போறேன்."

"எனக்கும் தெரியாது. அப்பம்பட்டு குடும்பத்த எனக்கு வுடுங்க," என்றான் முருகையன். இன்னொருத்தரும் வெட்கத்தோடு ஒரு குடும்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற குடும்பத்தை மரியசெல்வி ஏற்றிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் மேல்மலையனூர் அங்காளம்மன் சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாண்டவராயன் யாரையும் தூக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் அவரைக் குடைந்தது.

"ஏய்யா, ஒண்ணுமே புரியலன்றீங்க. அப்புறம் நான் போடறதுக்கெல்லாம் எதுக்குய்யா விழுந்து விழுந்து சிரிச்சீங்க?"

விநாயகம்தான் பதில் சொன்னார். "நீங்க சிரிச்சீங்களேண்ணே."