தவளை கத்தினால்தான் வீடு

மொன்றியலுக்குப் போகிறேன் என்றதும் வேலையிடத்தில் எல்லோரும் பழைய துறைமுகத்தைப் படம் பிடித்து வரச் சொன்னார்கள். நான் போனது தவளைச் சத்தம் கேட்க. 2008 ஏப்ரல் கடைசியில், புரோசார்ட்டில் இருக்கும் என் மச்சாள் வசந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். "வியாழக்கிழமை வந்து பாக்கப்போகினம். எனக்குத் தனிய நிக்க ஏலாது. வாறியோ?" திருகோணமலையில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. உடனே லீவு கேட்டேன்.

ரொறொன்ரோவிலிருந்து 540 கிலோமீற்றர். காலை ஆறரைக்குக் காரில் புறப்பட்டு, கிங்ஸ்டனில் ஒரு கோப்பி குடித்து, பகல் ஒரு மணிக்குள் போய்விட்டேன். சம்ப்ளேன் பாலத்தால் ஆற்றைக் கடந்தால் புரோசார்ட். (மாலை நான்கு மணிக்குப் பிறகு அந்தப் பாலத்தில் ஏறாதீர்கள். அனுபவித்துச் சொல்கிறேன்.)

விஷயம் இதுதான். வசந்தி ஒரு சின்னக் கட்டிட நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வீட்டைச் சுற்றி மரம், புல், வாய்க்கால் எப்படி அமையவேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. இரண்டு வரிசை வீடு கட்ட அவர்கள் வாங்கிய காணியில் ஒரு சதுப்புப் பள்ளம் இருந்தது. அதில் இருபத்தைந்து சத நாணயக் குற்றி அளவான, இப்போது அருகிவிட்ட ஒரு தவளை இனம். பள்ளத்தை மூடலாம், ஆனால் பக்கத்துக் காட்டோரம் அதைவிடப் பெரிய குளம் வெட்டவேண்டும். அந்தக் குளத்தில் தவளை முட்டையிட்ட பிறகுதான் இரண்டாம் வரிசைக்கு அனுமதி என்று அரசாங்கத்தின் நிபந்தனை. முதல் வரிசையில் சனம் குடிவந்துவிட்டது. குளமும் வெட்டியாயிற்று. இரண்டு வசந்தகாலம் போயும் ஒரு தவளை கத்தவில்லை.

தவளை இனி வராது என்று எல்லோரும் கைவிட்ட நேரம், வசந்தி ஒரு வலையோடு குளத்தில் இறங்கினாள். வலையில் வந்தவை தங்கமீன்கள். புது வீட்டுக்காரர் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மீன் இருந்தால் முட்டை மிஞ்சாது. குளம் ஆழமாக இருந்ததால் வற்றவும் இல்லை. குளத்தைப் பாதி ஆழத்துக்கு மண் போட்டுத் தூர்க்கவேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றாள்.

"வற்றிப்போகிற குளத்துக்கு நான் ஏன் செலவழிக்கவேண்டும்?" என்று கேட்டாராம் அவர்.

"வற்றினால்தான் மீன் சாகும். தவளைக்குஞ்சு அதற்கு முதலே கரையேறிவிடும்."

ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் ஒத்துக்கொண்டார். இது சரிவராவிட்டால் அவள் வேறு வேலை தேடவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். போன ஆகஸ்டில் குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. நாற்றம் தாங்கவில்லை என்று முதல் வரிசைக்காரர் அவளைத் திட்டித் தீர்த்தார்கள்.

அந்த வியாழக்கிழமை நாங்கள் குளத்தடிக்குப் போனபோது இரண்டு மணி. குளிர்காற்று. சோதிக்க வந்த உயிரியலாளர் மிரெய், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்தோடு கரையில் நின்றார். அரைமணி நேரம் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துக் காணியில் மண்வெட்டும் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"குளிருக்குக் கத்தாதுகள்," என்றாள் வசந்தி. முகம் வெளிறியிருந்தது. "ஆனா அந்த மெஷின் நிக்கவேணும். பொறு, வாறன்." சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஓடினாள். சாரதி இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு, வேடிக்கை பார்க்கத் தானும் கூடவே வந்தார்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் அடித்தது. சீப்பின் பற்களில் நகத்தை மெதுவாக இழுத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம் புல்லுக்குள்ளிருந்து வந்தது. மிரெய் கையை உயர்த்தினார். எதிர்க்கரையில் இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி குளம் முழுக்க.

"இதுவா?" என்றார் சாரதி பிரெஞ்சில். "இந்தக் கிழமை முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறேனே! பூச்சி என்றல்லவா நினைத்தேன்!"

மிரெய் தண்ணீரில் இறங்கி ஒரு புல்தண்டை மெல்ல வளைத்துக் காட்டினார். கண்ணாடிக் கூழுக்குள் கறுப்புப் புள்ளிகள். "ஃபெலிசித்தாசியோன், மதாம்!" என்று வாழ்த்தி வசந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முட்டை! மச்சாள், முட்டை போட்டிருக்கு!" வசந்தி என்னைக் கட்டிப்பிடித்தாள், மிரெயைக் கட்டிப்பிடித்தாள், பெயர் தெரியாத சாரதியையும் விடவில்லை. பிறகு முதலாளிக்கு போன் எடுத்து, அவர் குரல் கேட்டதுமே கைபேசியைக் குளத்துப் பக்கம் நீட்டினாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. "ஓமாம், அடுத்த கிழமை அத்திவாரம் வெட்டலாமாம்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீடு கட்டுவது என்றால் இடத்தைத் துப்புரவாக்குவது என்றே நான் நினைத்திருந்தேன். எடுத்ததைவிடக் கூட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டும் வீடு கட்டலாம் என்பதைச் சேறு பூசிய சப்பாத்தோடு நின்று பார்த்துவிட்டேன். அதைச் செய்து காட்டியவள் என் மச்சாள் என்பதில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போக விரும்புகிறவர்களுக்கு: ஏப்ரல் பிற்பாதி, வெயிலுள்ள பின்னேரம்தான் நேரம். கார் இல்லாவிட்டால் பொனவன்சர் மெட்ரோவில் இறங்கி புரோசார்ட் பஸ் எடுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். ரப்பர் சப்பாத்து கட்டாயம். குளத்தோரம் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், பிள்ளைகள் எதையும் குளத்தில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரும் அதிர்வுக்குத் தவளை எல்லாம் ஒரேயடியாக அடங்கிவிடும். ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒன்று தொடங்கும்.