துக்க வீட்டில் நின்ற விமானிகள்

நாற்பத்தொன்பதாம் வருஷம், கத்திரி வெயில் காலம். தியாகராய நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் விமானி. இன்றைக்கு அப்படிச் சொன்னால் கேட்பவர்கள் கண்ணை அகல விரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அவர் விமானத்தில் கால் வைத்தே பல மாதங்கள் ஆகியிருந்தன.

யுத்தம் முடிந்த கையோடு ஊரில் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. புதுப்புது விமானக் கம்பெனிகள் வரப்போகின்றன, ஓட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. படித்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மீனம்பாக்கத்துக்கு ஓடினார்கள். கற்றுக்கொடுக்க இருந்தவையோ இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானங்கள் சில. விடிவதற்கு முன்னால் போய் நின்றாலும் வெயில் ஏறிய பிறகுதான் முறை வருமாம். அப்படியும் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. என் மாமனார் தம் ஓய்வுப் பணத்தை அதில்தான் போட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, "பையன் ஆகாசத்துல சம்பாதிக்கப் போறான்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள்.

இவர் லைசென்ஸ் வாங்கி வெளியே வந்தபோது எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. யுத்தத்தில் வருஷக்கணக்காகப் பறந்தவர்கள் வேலை கேட்டு நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு நேற்றுக் கற்றுக்கொண்டவனை யார் எடுப்பார்கள்? கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்த ஆரம்பித்தன. விஷயம் வெளியே தெரிந்ததும் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு காலத்தில் முறைக்கு அடித்துக்கொண்ட அந்தச் சின்ன விமானங்கள் கொட்டகைக்குள்ளேயே தூசி படிந்து கிடப்பதாக இவர் சொல்லுவார். இதற்கு நடுவே லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பறந்து காட்ட வேண்டும். பறக்கப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலை வேண்டும். இந்த வட்டத்துக்குள் அவர் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

இருந்தாலும் தினம் விடியற்கருக்கலில் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி மீனம்பாக்கம் போய்விடுவார். காலை விமானத்துக்கு வரவேண்டிய உதவி விமானி யாராவது உடம்பு சரியில்லை என்று வராமல் போனால், வாசலில் நிற்கிறவர்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அப்படி நிற்க இவரைப் போலப் பலர் வந்தார்கள். அதில் ஒருவர் இவருடைய நெருங்கிய சிநேகிதர், ராயப்பேட்டையில் அத்தர் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. திரும்பும்போது எங்கள் வீட்டில் ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

"இன்னிக்கும் அல்லாரும் குண்டுக்கல்லாட்டம் வந்துட்டாங்க தங்கச்சி. ஒருத்தனுக்கும் ஒரு ஜலதோஷம்கூட இல்ல" என்று சிரிப்பார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்காச்சும் கடை கீது. இவனுக்கு இன்னா கீது?" என்பார்.

ஒரு நாள் இவர் ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பே சிநேகிதர் சைக்கிளில் வந்தார். காபி வேண்டாம் என்றார். முந்தின நாள் வடக்கே போன விமானம் ஒன்று மலையில் மோதி விழுந்துவிட்டதாம். ஒருவரும் பிழைக்கவில்லை. உதவி விமானி அடையாற்றுக்காரர். இவர்களோடு ஒன்றாகக் கற்றுக்கொண்டவர், அந்தக் கூட்டத்தில் முதலில் வேலை கிடைத்தவர். அவர் மனைவியை நான் ஒரு தேநீர் விருந்தில் பார்த்திருக்கிறேன். என் வயதுதான் இருக்கும்.

"நீயும் வா" என்றார் என் கணவர். குளித்தார், ஷேவ் செய்துகொண்டார். நான் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பஸ்ஸில் மயிலாப்பூர் வந்து, அங்கே ஒரு ஜட்கா வண்டி பிடித்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம்.

வேப்ப மரத்துக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. வராந்தா நிறைய ஆண்கள் நின்றார்கள். சிநேகிதரும் நின்றார். இவ்வளவு பேரா என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் முகங்களைப் பார்த்தேன், சிலர் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள். எல்லாம் மீனம்பாக்கத்தில் காத்து நிற்பவர்கள். அத்தனை பேரும் மழமழவென்று ஷேவ் செய்திருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. சாவு வீட்டுக்கு யாரும் அப்படி வருவதில்லை. கம்பெனி மானேஜர் துக்கம் கேட்க வரப்போகிறார் என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு விளங்கிவிட்டது. திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவரும் அப்படித்தான் இருந்தார். அந்தச் சட்டையின் மடிப்பு நான் வைத்தது.

உள்ளே அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் பிள்ளை. அழுது ஓய்ந்த முகம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"வெளியில நிக்கிறவங்க எல்லாம் அவர் ஃப்ரெண்ட்ஸா?"

"ஆமாம்" என்றேன்.

"இத்தனை பேரா? அவர் சொன்னதே இல்லையே" என்றாள். அந்த முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பிறகு எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்து, "வெயில்ல நிக்கிறாங்க, உங்க வீட்டுல மோர் இருந்தா கொடுங்க மாமி" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் ஒரு பித்தளைத் தூக்கு நிறைய மோரும் நாலைந்து டம்ளரும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான்தான் வராந்தாவுக்கு எடுத்துப் போனேன். ஒவ்வொருவராக வாங்கிக் குடித்தார்கள். ஒருவரும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கணவரும் டம்ளரை வாங்கினார். மோர் சட்டையில் சிந்திவிடாமல் உடம்பை முன்னால் வளைத்துக் குடித்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தூக்கை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. மானேஜர் உள்ளே வந்து, நின்றபடியே இரண்டு வார்த்தை சொன்னார், கைகூப்பினார், போனார். அவர் வாசல் கடந்ததும் வராந்தாவில் ஷூச் சத்தம் தடதடத்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக ஜன்னல். அத்தனை பேரும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். என் கணவரும் போனார். சிநேகிதர் அவர் முழங்கையைப் பிடித்து, "வாணாம் நைனா, இங்க வாணாம்" என்றார். இவர் கையை உதறிக்கொண்டு போனார்.

மானேஜர் குரல் நன்றாகக் கேட்டது. அவர் எரிந்து விழவில்லை, களைத்த குரலில்தான் சொன்னார். "அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கப் போறதில்லப்பா. இருக்கிறவங்களையே குறைக்கிறோம். தயவு செஞ்சு வீட்டுக்குப் போங்க."

கார் கிளம்பிவிட்டது. அவர்கள் புழுதியில் நின்றார்கள்.

நான் அவள் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எடுக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சற்று முன்னால் வந்த தெளிவு போய்விட்டிருந்தது.

"போன வருஷம் இவரும் இப்படி ஒரு சாவு வீட்டுக்குத்தான் போயிட்டு வந்திருக்கார், இப்பத்தான் புரியுது" என்றாள். "எங்க போனீங்கன்னு கேட்டேன், சொல்லல. சாப்பிடாமலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். அடுத்த வாரம் வேலை கிடைச்சுது. நான் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணினேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அவர் சாப்பிட்டா போதும்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புருஷனைப் பறிகொடுத்து ஒரு நாள்கூட ஆகாதவள் என் புருஷனின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டாள். அங்கே உட்கார்ந்து நான் அழுததெல்லாம் அவளுக்காக மட்டும் அல்ல.

திரும்பும்போது ஜட்கா பிடிக்கவில்லை. சிநேகிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, பாலத்தின் மேல் அந்த வெயிலில் மூன்று பேரும் நடந்தோம். சிநேகிதர் மயிலாப்பூர்க் குளத்தருகே பிரியும்போது, "நாளைலேர்ந்து நான் கடையில குந்திக்கிறேன் நைனா" என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். அன்று ராத்திரி தட்டில் சோறு போட்டு வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் ரயிலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. லைசென்ஸ் அந்த வருஷமே காலாவதியாயிற்று. சில மாதங்களில் அந்தக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மவுண்ட் ரோடில் மோட்டார் உதிரி பாகம் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தார். பறந்த நாட்களைப் பற்றியும் பேசியதில்லை, அந்த வராந்தாவைப் பற்றியும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பெண் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அப்புறம் அவளைத் தேடிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு என் பிள்ளைகள் வேலை தேடிய நாட்களில், எங்காவது ஓர் இடம் காலியாக வேண்டும் என்று கடவுளிடம் கேட்க நான் பல தடவை கைகூப்பியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், அந்த இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவருக்காக வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று நினைப்பு ஓடிவிடும், கேட்க வந்ததைக் கேட்காமலே கையை இறக்கிவிடுவேன்.