ரெண்டு கையையும் நீட்டுங்க

“மஹத்தயா, அத் தெக்கம தென்ன” என்று சிங்களத்தில் இரண்டு கையையும் கேட்கிறார் லுத்பியா. மின்சார மீற்றர் பார்க்க வந்த மனிதர், வீட்டுக்கார நோனா எதையோ தரப்போகிறார் என்ற நம்பிக்கையில் இரண்டு கைகளையும் நீட்டிவிடுகிறார். அவ்வளவுதான், அகப்பட்டார். வளையமாகக் கிடந்த நூல் அவர் மணிக்கட்டுகளில் ஏறுகிறது. நுனி லுத்பியாவின் விரல்களுக்கு வருகிறது. இனி உருண்டை சுற்றி முடியும்வரை மனிதருக்குப் போக்கிடமில்லை. அவர் மகளின் பள்ளிக்கூடச் சோதனை, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். கை இரண்டும் கட்டுண்டவருக்கு வாய் மட்டும்தானே மிச்சம்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடி லுத்பியாவுடையது. காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கலியாணம் பேச வந்த தரகர், எவருமே அந்த வாசலில் கை நீட்டாமல் தப்பியதில்லை. கொழும்பு வெக்கையில் கம்பளி பின்னுகிறாரே என்று கட்டடமே சிரிக்கும். “எனக்கு வேர்த்தா என்ன? மெல்பேர்ன்ல எண்ட புள்ளைக்கு குளிருதே” என்று மின்விசிறியை இன்னும் ஒரு சுற்று கூட்டிவைப்பார்.

அந்தப் புள்ளை, மகள் பர்ஹா, அனுப்பிவைக்கும் நூல் இலேசுப்பட்டதல்ல. செம்மறிக் கம்பளியும் பட்டும் கலந்தது. அங்கே ஒரு பெண் தன் குசினிப் பானையிலேயே கையால் சாயமேற்றுகிறாளாம். ஒரே இழை மங்குஸ்தான் தோல் நிறத்தில் தொடங்கும், மெல்ல வெளிறி உள்ளே இருக்கும் சுளையின் வெள்ளைக்கு வரும், திரும்பவும் கறுக்கும். கறி ஆக்கிய கையை எலுமிச்சை தேய்த்துக் கழுவாமல் லுத்பியா அதைத் தொடமாட்டார். அதில் இலை இலையாக இடைவெளி விட்டு லேஸ் ஸ்காஃப் பின்னும்போது அவரோடு கதைக்கவும் கூடாது. கதைத்தால் வரி முடிந்த பிறகுதான் பதில் வரும். அதற்குள் கேட்டவர் கேள்வியை மறந்திருப்பார்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் விலக்குப் பெற்ற ஒரே ஆள் மேல்மாடி ருக்கியா. தையல்காரி, லுத்பியாவை அக்கா முறையில் ‘ராத்தா’ என்று கூப்பிடும் இளையவர். ருக்கியா நூல் பிடித்தால் அது தனி அழகு. இழை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மணிக்கட்டைச் சாய்த்துக் கொடுப்பார். நூல் ஒருமுறைகூட இடறாது. அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் பல்கனியில் உட்கார்ந்தால், ரயில் கடந்து போவதுகூடக் காதில் விழாது.

போன வருஷம் முதல் ஸ்காஃப் முடிந்ததும், “நான் அயன் பண்ணித் தாறேன் ராத்தா” என்று ருக்கியா ஆசையோடு மேலே கொண்டுபோனார். மறுநாள் அழகாக மடித்துக் கொண்டுவந்து வைத்தார்.

“நல்லா பின்னி ஈக்கிறீங்க ராத்தா. ஆனா எங்க பாத்தாலும் ஓட்ட. தலைல போட்டா மயிரெல்லாம் வெளங்குமே. பர்ஹாவ ஆரும் ஒண்டு செல்லிட்டா? அதுதான் எல்லாத்தையும் தெச்சிட்டேன்.”

ஓர் இலை தப்பவில்லை. அதே நிற நூலில், கண்ணுக்குத் தெரியாத தையலில், அத்தனை இடைவெளியும் அடைபட்டிருந்தது. “அது ஓட்ட இல்ல புள்ள, அதுதான் டிசைன்!” என்று லுத்பியா போட்ட சத்தம், ஒழுங்கை தொடங்கும் பெரிய தெருவான காலி வீதிவரை கேட்டிருக்கும். பிரிக்கப் போனால் இழையே அறுந்தது. அன்றோடு பேச்சு நின்றது. நோன்பு மாதத்தில் கஞ்சிக் கோப்பை மட்டும் லுத்பியாவின் கணவர் மஷூரின் கையில் ஏறி இறங்கியது.

அதைவிடப் பெரிய சங்கடம் பிறகுதான் வந்தது. ஒருநாள் அந்த ஸ்காஃபுக்கு முன் பின்னிப் பார்த்திருந்த மாதிரித் துண்டைத் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார் லுத்பியா. ஒவ்வோர் இலைக்குள்ளிருந்தும் நரைமுடி எட்டிப் பார்த்துச் சிரித்தது. “அவ சென்னது சரிதான்” என்று மஷூரிடம் முணுமுணுத்தார். “அதப் போய் செல்ல ஏலுமா? நான் மூத்தவ.” வீம்புக்கு வயது ஒரு சாட்டு. உண்மையில் அவருக்கு ருக்கியா இல்லாத பின்னேரங்கள் உப்பில்லாத கஞ்சியாகத்தான் இருந்தன.

போன கிழமை பர்ஹாவின் புது நூல் வந்தது. முந்தியதைவிட மெல்லிசு. மீற்றர்காரரிடம் கொடுக்க மனம் வரவில்லை. மஷூரைப் பிடித்து உட்காரவைத்தார். மஷூரோ கையை ஆட்டாமல் கதைக்கத் தெரியாதவர். கிரிக்கெட் பேச்சு வந்ததும் எழுந்து நின்று சிக்ஸரே அடித்துக் காட்டினார். குரங்கு கைப் பூமாலை என்பார்களே, அதுதான். சிக்கெடுக்க லுத்பியாவுக்கு ஒரு பகல் போனது.

சிக்கெடுத்த நூலைத் திரும்பவும் வளையமாக்கினார். பிறகு வளையத்தைத் தன் இரண்டு மணிக்கட்டுகளிலும் தானே மாட்டிக்கொண்டார்.

“கதவத் தொறங்க” என்றார்.

“எங்க போற?” என்றார் மஷூர்.

“மேலுக்கு.”

படியேறும்போது சொல்லவேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்தார். முழங்கையால் மணியை அழுத்தினார். ருக்கியா கதவைத் திறந்தார், வாயில் ஊசியைக் கவ்வியபடி. ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது.

“இந்த முற ஸ்காஃபுக்கு உள்ளுக்குப் போட ஒரு தொப்பி தெச்சித் தா” என்றார் லுத்பியா. “மயிர் வெளங்குது.”

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

ருக்கியா ஊசியை எடுத்து முந்தானையில் குத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நுனியைத் தேடினார். கிடைத்ததும் இழுத்தார். லுத்பியாவின் மணிக்கட்டு, நூல் போன பக்கம் சாய்ந்து கொடுத்தது.