வயிற்றுவலி என்று எழுதிய நாள்

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தேன். ஏழரைக்கு வயலுக்குப் போய், சம்பா அறுத்த தாளுக்கிடையே உளுந்து இரண்டிலை விட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். திருவாரூரில் படிக்கும் தங்கை மகள் இரண்டு தோழிகளோடு வந்திருந்தாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பிறகு மூவரும் கூடத்தில் பாய் விரித்து, லேப்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய வெளிநாட்டுத் தொடர் ஒன்றைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள்.

"கடைசில ரெண்டுல ஒண்ணைச் சாகடிச்சுருவானுங்க பாரு. கதை எழுதுற இவனுங்களுக்கு வேற எதுவும் தெரியாது" என்றாள் ஒரு தோழி.

"வாயக் கழுவுடி! ஒண்ணும் நடக்க வேணாம். ரெண்டும் சும்மா உக்காந்து ஐஸ்கிரீம் தின்னட்டும், அதையே பத்து எபிசோடு பார்ப்பேன்" என்றாள் இன்னொருத்தி.

தங்கை மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த வயதில் எனக்கும் ஒருத்தி இருந்தாள். திருவையாற்றில் தட்டச்சு வகுப்பில் பக்கத்து மெஷின்காரி. ரிப்பன் மாற்றிய கை மையை என் தாவணியில்தான் துடைப்பாள். "நீ பக்கத்துல இல்லாட்டி எனக்கு ஸ்பீடே வரல்லடி" என்பாள். என் நாட்குறிப்பில் அவள் பெயர் ஒரு நாள்கூட இல்லை. 'மாலை தட்டச்சு' என்று மட்டும் இருக்கும். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. 'வயிற்றுவலி' என்று எழுதினேன். மழை பெய்த நேரத்தைக்கூடப் பிசகாமல் குறிக்கும் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். மாப்பிள்ளைமேல் பொறாமை என்று எழுதக் கை வரவில்லை.

அதே பொறாமை இப்போது பாயில் கிடந்த மூவர்மேல் வந்தது. நான் தாளில் எழுதவே பயந்ததை இவர்கள் முறுக்கு கடித்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு பார்க்கிறார்கள். எழுந்துபோய் வைஃபையை அணைத்தேன்.

"படிக்கிற பிள்ளைங்க பாக்குற நாடகமா இது?"

தங்கை மகள் என்னையே பார்த்தாள். "அம்மா இப்படித்தான் பேசுவாங்கன்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன், பெரியம்மா."

அவள் இரவே பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

மறுநாள் கண் விழித்ததும் முதல் வேலையாக அவளை எழுப்பி, பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று எனக்கு வந்தது கோபம் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அவங்க பேரு என்ன, பெரியம்மா?"

இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. சொன்னேன்.