கமேனோயுவுக்கு வந்த மஞ்சள் விறகு

கமேனோயு என்ற பொதுக் குளியல் இல்லத்தின் கொதிகலன் வாயில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் இட்சுயோ. ஒசாகாவிலிருந்து இந்த ஆற்றங்கரை ஊருக்கு மருமகளாக வந்தவள். கணவன் போன பிறகும் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை. கேஸுக்கு மாறச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. இடித்த வீட்டு உத்தரமோ தோட்டத்தில் வெட்டிய மரமோ, யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் முதலில் கையில் தூக்கிக் கனம் பார்ப்பாள். தட்டிக் கேட்பாள், வெட்டுவாயை மோந்து பார்ப்பாள். இன்ன மரம் என்று தெரியாத கட்டை அந்த அடுப்புக்குள் போகாது. அப்படியொரு பிடிவாதக்காரி.

அந்த ஜூலையில் ஆறு ஊருக்குள் புகுந்துவிட்டுப் போனது. கேஸ் நின்றுபோனது. ஐந்து நாள் சேறு வாரிய ஜனம் குளிக்கவில்லை. பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு அழுதன. இட்சுயோவுக்குப் பொறுக்கவில்லை. நாளை நான்கு மணிக்குக் குளிக்க வரலாம், காசு வேண்டாம் என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டாள்.

ஒட்டினாளே தவிர, விறகு ஏது? அவளுடைய கொட்டகையை ஆறு வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. பதிலுக்கு மலையிலிருந்து உருட்டி வந்த மரங்களைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. எல்லாம் பட்டை உரிந்து, சேறு பூசி, ஒரே நிறம். எது என்ன மரம் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. விடிந்ததும் கோடாலியோடு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றையும் பிளந்து, சிராய் எடுத்துக் கொளுத்திப் பார்த்தாள். பிசின் மணத்தால் பைன் தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஈரத்திலும் பிடிக்கும், அது முதலில். நெடுநாள் முன்பே விழுந்த சுகி என்ற ஊசியிலை மரம் மேலே நனைந்திருந்தாலும் வைரம் காய்ந்திருந்தது, அது அடுத்து. கல்லாய்க் கனத்த ஓக், தணல் விழுந்த பிறகுதான்.

மூன்றரை மணிக்கும் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. வாசலில் வரிசை தெருமுனை வரை போய்விட்டது. அப்போதுதான் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஊஷிஜிமா வண்டி நிறையக் காய்ந்த விறகோடு வந்து இறங்கினார். வெட்டின இடமெல்லாம் மஞ்சள். வரிசையில் கைதட்டினார்கள்.

"எங்கப்பா பட்டுப்பூச்சிக்கு வளத்த முசுக்கட்டை. பரண்ல இருபது வருஷமா கெடந்தது. போடுங்கம்மா, அரை மணியில கொதிக்கும்."

ஒரு கட்டையைத் தூக்கியதும் இட்சுயோவின் முகம் மாறியது. முசுக்கட்டைக்கு இந்தக் கனம் போதாது. அந்த மரத்தின் மஞ்சள் ஒரே வருடத்தில் பழுப்பாகிவிடும். இது இருபது வருடத்துக்குப் பிறகும் பளிச்சென்று இருந்தது. பட்டையோரம் நகத்தால் சுரண்டினாள். கறுப்பாக உறைந்த பால். மெழுகு மரம்.

"தலைவரே, இது முசுக்கட்டை இல்ல. மெழுகு மரம். இதோட புகை பட்டா ஊரே வீங்கிப் போயிரும்."

"ஒசாகாவிலேர்ந்து வந்தவங்க எங்க ஊரு மரத்தை எனக்குச் சொல்லித் தர்றீங்களாக்கும். இதுக்கு நடுவுல பொறந்தவன் நான்."

"பொறந்திருப்பீங்க. எரிச்சுப் பாத்தவ நான்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. வரிசை தலைவர் பக்கம் சாய்ந்தது. இவள் வீம்புக்குக் குழந்தைகள் தவிக்கவேண்டுமா என்று ஒருத்தி காதில் விழும்படியே கேட்டாள். இட்சுயோவுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே கோடாலியை எடுத்தாள். தலைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்த பிறகு வரிசையில் நின்ற நாலைந்து பேர் முணுமுணுத்தபடியே சட்டையைக் கழற்றிவிட்டுப் பிளக்க உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்குத் தண்ணீர் நாற்பத்தொரு டிகிரி. முதல் ஆள் இறங்கி, கழுத்தளவு நனைந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வரிசையின் கடைசியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஊஷிஜிமா நின்றார். துண்டு விலகியது. முகம் பூசணிக்காயாய் வீங்கி, கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. ரோஷத்தில் அந்த விறகைத் தன் வீட்டுக் குளியல் தொட்டிக்கே எரித்திருக்கிறார்.

நாலு கேள்வி நறுக்கென்று கேட்கலாம் என்றுதான் இட்சுயோ எழுந்தாள். ஆனால் கிட்டே போனதும், சுடுதண்ணீர் பட்டால் அரிப்பு ஏறும் என்று சொல்லி, அவரைக் கிணற்றடியில் உட்காரவைத்துக் குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

"என்னோடது போகட்டும்மா," என்றார் அவர். "பேத்தி அடுப்புப் பக்கத்துல நின்னுட்டிருந்தா. நாலு வயசு. கண்ணே தொறக்கல. டாக்டர் மருந்து குடுத்திருக்காரு. தொறக்குமா?"

இட்சுயோ வாளியைக் கீழே வைத்தாள்.

"தொறக்கும். எங்க வீட்டுக்காரருக்குப் பத்து நாள்ல தொறந்துச்சு. கல்யாணம் ஆகி வந்த முதல் குளிர்காலம். பேரு தெரியாம நான் போட்ட கட்டை."

சொல்லிவிட்டு இன்னொரு வாளி இறைத்தாள்.